தொண்டை கட்டியதை ஆங்கிலத்தில் எப்படிச் சொல்வது?

கேள்வி: பல நாட்டுக்காரர்கள் சேர்ந்து வேலை பார்க்கும் அலுவலகத்தில் இருக்கிறேன். எல்லாம் ஆங்கிலத்தில்தான். அறிக்கை எழுதுவேன், கூட்டம் நடத்துவேன், அதிலெல்லாம் தடுமாற்றம் இல்லை. உடம்பைப் பற்றி ஏதாவது சொல்ல வேண்டுமென்றால் மட்டும் வார்த்தை வர மறுக்கிறது. போன மாதம் தொண்டை கட்டிக்கொண்டது. 'மை த்ரோட் இஸ் க்ளோஸ்ட்' என்று குழுவுக்குச் செய்தி அனுப்பினேன். ஆம்புலன்ஸைக் கூப்பிடவா என்று பதறிவிட்டார்கள். இன்னொரு நாள் 'லூஸ் மோஷன்' என்றேன், எதிரே இருந்தவருக்குப் புரியவே இல்லை. அகராதியைப் பார்த்தால் ஒன்றுக்கு நாலு சொல் கிடக்கிறது. எதை எங்கே சொல்வது? விடுப்புக் கேட்கும்போது எவ்வளவு சொல்ல வேண்டும்? இரண்டாம் வகுப்பு படிக்கும் என் மகனுக்கு என்ன சொல்லிக்கொடுப்பது?
- ஒரு வாசகி

பதில்:

அன்புள்ள சகோதரிக்கு,

உங்கள் குழுவினர் பதறியது நியாயம்தான். தொண்டை மூடிக்கொள்கிறது என்று ஆங்கிலத்தில் ஒருவர் சொன்னால், கடுமையான ஒவ்வாமையில் தொண்டை வீங்கி மூச்சுவழி அடைபடுகிறது என்றே கேட்பவர் எடுத்துக்கொள்வார். நிமிடங்களில் உயிருக்கு ஆபத்தாகக்கூடிய நிலை அது. நீங்கள் சொல்ல வந்ததோ, பேச்சு வரவில்லை என்பது. அதற்கு 'ஐ ஹேவ் லாஸ்ட் மை வாய்ஸ்' போதும். குரல் முழுக்கப் போகாமல் கரகரவென்று இருந்தால் 'மை வாய்ஸ் இஸ் ஹோர்ஸ்'. விழுங்கும்போது வலித்தால் 'ஐ ஹேவ் எ சோர் த்ரோட்'. தமிழில் தொண்டையைச் சொல்கிறோம். ஆங்கிலத்தில் அந்த இடத்தில் குரலைச் சொல்கிறார்கள். உங்கள் ஆங்கிலத்தில் இலக்கணப் பிழை ஏதும் இல்லை, தமிழ் வாக்கியம் அப்படியே ஆங்கில உடுப்பில் போய்விட்டது, அவ்வளவுதான்.

ஆங்கிலம் கற்றுக்கொடுப்பதும், மருத்துவமனைகளில் நோயாளிக்கும் மருத்துவருக்கும் நடுவில் உரைபெயர்ப்பதும் என் தொழில். உங்களைப் போல நன்றாக ஆங்கிலம் தெரிந்தவர்கள்தான் இந்த இடத்தில் அதிகம் சிக்கிக்கொள்கிறார்கள். பள்ளியிலும் அலுவலகத்திலும் நமக்குக் கிடைத்தது எழுத்து ஆங்கிலம். விக்கல், ஏப்பம், வயிற்றுப் பொருமல் எல்லாம் வீட்டுக்குள் பேசிக் கற்கும் மொழி. அந்த வீட்டு ஆங்கிலம் நமக்குக் கிடைக்கவில்லை. அதனால்தான் அகராதியைத் திறந்து ஒரு பெரிய பெயர்ச்சொல்லைத் தேடுகிறோம். தேவை பெரும்பாலும் சின்னச் சின்ன வினைச்சொற்கள்.

தமிழில் உடம்பின் அனுபவம் நம்மிடம் வந்து சேர்கிறது: எனக்குத் தலை வலிக்கிறது, எனக்குக் காய்ச்சல் வந்திருக்கிறது, எனக்குச் சளி பிடித்திருக்கிறது. 'எனக்கு' என்று ஆரம்பித்து அப்படியே பெயர்த்தால் 'டு மீ ஃபீவர் கேம்' என்று வந்து நிற்கும். ஆங்கிலத்தில் 'நான்' முன்னால் வந்து அந்த அனுபவத்தை வைத்துக்கொள்கிறது. இப்போது இருக்கிறது என்றால் 'ஹேவ்': 'ஐ ஹேவ் எ ஹெட்டேக்'. அடிக்கடி வருகிறது என்றால் 'கெட்': 'ஐ கெட் ஹெட்டேக்ஸ்'. உள்ளே ஏதோ ஒரு மாதிரி இருக்கிறது என்றால் 'ஃபீல்': 'ஐ ஃபீல் டிஸி', 'ஐ ஃபீல் வீக்'. இடத்தைக் காட்டி வலியைச் சொல்ல 'ஹர்ட்ஸ்': 'மை நீ ஹர்ட்ஸ்'. இந்த நான்கை வைத்துக்கொண்டே முக்கால்வாசி விஷயத்தைச் சொல்லிவிடலாம். 'மை லெக் இஸ் பெயினிங்' என்று நம்மிடையே பேசும்போது யாரும் முகம் சுளிக்கப்போவதில்லை. ஆனால் வெளியார் காதுக்கு அது விசித்திரமாகப் படும், 'ஹர்ட்ஸ்' என்று மாற்றிக்கொள்ளுங்கள்.

அடிபட்டதைச் சொல்லும்போது இந்த 'நான்' இன்னும் துணிச்சலாக வரும். கை உடைந்துவிட்டது என்பதை 'ஐ ப்ரோக் மை ஆர்ம்' என்பார்கள். நானே என் கையை உடைத்துக்கொண்டேன் என்று நமக்கு ஒலிக்கிறது, அவர்களுக்கு அந்தப் பொருள் வராது. நாக்கைக் கடித்துக்கொண்டால் 'ஐ பிட் மை டங்', கால்விரலை இடித்துக்கொண்டால் 'ஐ ஸ்டப்ட் மை டோ', கணுக்கால் பிசகினால் 'ஐ ட்விஸ்டட் மை ஆங்க்கிள்'. 'மை' என்பதை விட்டுவிடாதீர்கள்.

காலத்தைப் பற்றி ஒன்று சொல்லியே ஆக வேண்டும், மருத்துவர் முதலில் கேட்பது அதைத்தான். 'ஐ ஆம் ஹேவிங் ஃபீவர் சின்ஸ் டூ டேஸ்' என்று நம்மில் பலர் சொல்கிறோம். இயல்பான வாக்கியம் 'ஐ ஹேவ் ஹேட் எ ஃபீவர் ஃபார் டூ டேஸ்'. இதில் நடுவிலுள்ள 'ஹேவ்' முக்கியம். அதை விட்டு 'ஐ ஹேட் எ ஃபீவர் ஃபார் டூ டேஸ்' என்றால் காய்ச்சல் வந்து போய்விட்டது என்றாகிவிடும். இன்னும் அடிக்கிறதா, விட்டுவிட்டதா என்பதைப் பொறுத்து மருத்துவரின் முடிவே மாறலாம். அப்புறம், காய்ச்சலின் அளவைச் சொல்லும்போது எந்த அளவுகோல் என்பதையும் சேர்த்துச் சொல்லுங்கள். பிரிட்டனில் செல்சியஸ், அமெரிக்காவில் ஃபாரன்ஹீட். 38 டிகிரி செல்சியஸும் 100.4 ஃபாரன்ஹீட்டும் ஒன்றுதான். பிரிட்டனில் 'ஐ ஹேவ் எ டெம்பரேச்சர்' என்றாலே காய்ச்சல் என்று பொருள்.

இனி உறுப்புகள். இதில்தான் உண்மையான குழப்பம் விளைவதைப் பார்க்கிறேன். தமிழில் கை என்றால் தோளிலிருந்து விரல் நுனிவரை. ஆங்கிலத்தில் மணிக்கட்டுக்கு மேலே 'ஆர்ம்', கீழே 'ஹேண்ட்'. காலும் அப்படித்தான், கணுக்காலுக்கு மேலே 'லெக்', கீழே 'ஃபுட்'. கால்விரலை 'ஃபிங்கர்' என்று சொல்லிவிடாதீர்கள், அது 'டோ'. இவற்றில் தவறினால் விரலால் காட்டிச் சமாளிக்கலாம். தொலைபேசியில் பேசும்போது ஆபத்தாக முடிவது இடுப்புதான். நமக்கு இடுப்பு வலி என்றால் பெரும்பாலும் முதுகின் அடிப்பகுதி வலி. அகராதியில் இடுப்புக்கு 'ஹிப்' என்று இருக்கும். 'ஹிப் பெயின்' என்று சொன்னால் மருத்துவர் தொடை எலும்பு வந்து சேரும் மூட்டைச் சோதிக்கத் தொடங்குவார், கேள்விகளும் அதைச் சுற்றியே போகும். குனிந்து நிமிரும்போது பிடித்துக்கொள்ளும் வலிக்கு 'மை லோயர் பேக் ஹர்ட்ஸ்' என்று சொல்லுங்கள்.

மயக்கம் என்ற சொல்லையும் கவனமாகப் பிரித்துக்கொள்ள வேண்டும். தலை லேசாகி விழுந்துவிடுவோமோ என்று தோன்றுவதையும் மயக்கம் என்கிறோம், நினைவு தப்பி விழுவதையும் மயக்கம் என்கிறோம். விழப்போவது போல இருந்தால் 'ஐ ஃபீல் ஃபெயின்ட்' அல்லது 'ஐ ஃபீல் லைட்ஹெடட்'. விழுந்தே விட்டால் 'ஐ ஃபெயின்டட்' அல்லது 'ஐ பாஸ்ட் அவுட்'. சுற்றியுள்ளதெல்லாம் ராட்டினம் போலச் சுழன்றால் 'தி ரூம் இஸ் ஸ்பின்னிங்'. தலை லேசாவதற்கு ரத்த அழுத்தம் சட்டென்று குறைவது காரணமாக இருக்கலாம். அறை சுழல்வது பெரும்பாலும் உள்காதுச் சிக்கலில் வருவது. மூன்றையும் 'கிடினெஸ்' என்ற ஒரே சொல்லில் அடக்கிவிட்டால், மருத்துவருக்கு மிகவும் பயன்படும் தகவல் போய்விடுகிறது.

கால் மரத்துப்போவதும் இதே கதைதான். சம்மணமிட்டு உட்கார்ந்து எழுந்தபின் ஊசி குத்துவது போல இருப்பதை 'மை ஃபுட் ஃபெல் அஸ்லீப்' என்பார்கள். அந்தக் குறுகுறுப்புக்குப் பெயர் 'பின்ஸ் அண்ட் நீடில்ஸ்'. இதைக் கேட்டு யாரும் கவலைப்பட மாட்டார்கள், இரண்டு நிமிடத்தில் சரியாகிவிடும் என்று எல்லாருக்கும் தெரியும். 'மை லெக் இஸ் நம்' என்றால் தொட்டாலும் உணர்ச்சி இல்லை என்று பொருள். எழுத்தில் கடைசியில் 'பி' இருக்கும், உச்சரிப்பில் வராது. உடம்பின் ஒரு பக்கம் திடீரென்று மரத்துப்போவது பக்கவாதத்தின் அடையாளங்களில் ஒன்று என்பதால், இந்தச் சொல்லைக் கேட்டதும் மருத்துவத் துறையினர் நிமிர்ந்து உட்காருவார்கள். உண்மையிலேயே அப்படி நேர்ந்தால் தயங்காமல் அந்தச் சொல்லைத்தான் சொல்ல வேண்டும்.

மூச்சு விஷயத்திலும் படிநிலை உண்டு. மாடி ஏறி மூச்சு வாங்கினால் 'ஐ ஆம் அவுட் ஆஃப் ப்ரெத்'. சும்மா உட்கார்ந்திருக்கும்போதே மூச்சு போதவில்லை என்றால் 'ஐ ஆம் ஷார்ட் ஆஃப் ப்ரெத்', அது மருத்துவரிடம் போக வேண்டிய விஷயம். 'ஐ காண்ட் ப்ரீத்' என்பது உதவி கேட்கும் குரல். மூக்கடைப்புக்கு அதைச் சொல்லாதீர்கள், 'மை நோஸ் இஸ் ஸ்டஃப்டு அப்' அல்லது 'ப்ளாக்ட்' என்று சொல்லுங்கள். தண்ணீர் குடிக்கும்போது புரையேறி இருமினால் 'இட் வென்ட் டவுன் தி ராங் பைப்' என்று சொல்லிவிட்டுத் தொடர்ந்து இருமுங்கள். 'சோக்கிங்' என்றால் தொண்டையில் ஏதோ சிக்கி மூச்சு அடைக்கிறது என்று எடுத்துக்கொண்டு முதுகில் தட்ட ஆள் ஓடிவரும்.

வலியை விவரிக்க ஆங்கிலத்தில் சொற்கள் நிறையவே இருக்கின்றன. ரொனால்ட் மெல்சாக் என்ற உளவியலாளர் கனடாவின் மெக்கில் பல்கலைக்கழகத்தில் உருவாக்கி 1975இல் வெளியிட்ட வலி வினாத்தாளில், 78 சொற்களை 20 தொகுதிகளாக அடுக்கியிருக்கிறார். நோயாளி எந்தச் சொல்லைத் தேர்கிறார் என்பதே வலியின் தன்மையைக் காட்டும் என்பது அதன் அடிப்படை. உங்களுக்கு 78 வேண்டாம். விண்விண்ணென்று தெறித்தால் 'த்ராபிங்', சுருக்கென்று குத்தினால் 'ஷார்ப்', எரிந்தால் 'பர்னிங்', மந்தமாக விடாமல் வலித்தால் 'டல்', வயிற்றைப் பிடித்து முறுக்கினால் 'க்ராம்ப்ஸ்'. சதை தொட்டால் வலிக்கிறது, வேலை செய்த அலுப்பு என்றால் 'சோர்'. நம் மொழியில் விண்விண், சுருக், சுரீர், பளீர் என்று இந்த வேறுபாடுகளை ஏற்கெனவே நுட்பமாகச் சொல்லிக்கொண்டுதான் இருக்கிறோம். அந்த நுட்பத்தை மருத்துவர் முன்னால் 'பெயின்' என்ற ஒரே சொல்லில் தொலைத்துவிட வேண்டாம் என்பதுதான் என் ஆசை.

அடுத்தது, நான் மன்றாடிக் கேட்டுக்கொள்ளும் ஒரு விஷயம். சூடு, பித்தம், வாயு, கேஸ் என்று நாமே காரணத்தைக் கண்டுபிடித்து அதை மொழிபெயர்க்காதீர்கள். 'மை பாடி இஸ் ஹீட்டட்' என்றால் காய்ச்சல் என்று புரிந்துகொள்வார்கள். நீங்கள் சொல்ல வந்தது நீர்க்கடுப்பாக இருக்கும். 'இட் பர்ன்ஸ் வென் ஐ பீ' என்று சொன்னால் சிறுநீர்த் தொற்றா என்று உடனே பார்ப்பார்கள். பித்தம் என்பதற்கு அகராதியில் 'பைல்' என்று இருக்கிறது, அது கல்லீரலில் சுரக்கும் நீர். காலையில் எழுந்ததும் குமட்டுகிறது என்பதுதான் விஷயம் என்றால் 'ஐ ஃபீல் நாஷியஸ் இன் தி மார்னிங்ஸ்'. எல்லாவற்றையும்விட முக்கியம் நெஞ்சு. மார்பில் ஏதாவது தோன்றினால் 'இட்ஸ் ஜஸ்ட் கேஸ்' என்று தொடங்காதீர்கள். மாரடைப்பு வந்தவர்களில் பலர் அதை வலி என்றே சொல்வதில்லை, அழுத்துகிறது, இறுக்குகிறது, பாரமாக இருக்கிறது என்பார்கள். 'ப்ரெஷர் இன் மை செஸ்ட்', 'மை செஸ்ட் ஃபீல்ஸ் டைட்' என்று உணர்வதை மட்டும் சொல்லுங்கள். கேஸா வேறா என்பதை அவர்கள் பார்த்துச் சொல்லட்டும்.

சரி, உங்கள் 'லூஸ் மோஷனுக்கு' வருவோம். அந்தத் தொடர் தப்பில்லை. இந்திய ஆங்கிலத்தில் எல்லாருக்கும் புரியும், இந்திய மருத்துவரிடம் தாராளமாகச் சொல்லலாம். பிற நாட்டவருக்கு 'மோஷன்' என்றால் அசைவு. மருத்துவரிடம் 'ஐ ஹேவ் டயரியா' என்று நேரடியாகச் சொல்லுங்கள், அது கூச்சப்பட வேண்டிய சொல்லே இல்லை. அவர் பதிலுக்கு 'பவல் மூவ்மென்ட்' பற்றிக் கேட்டால், எத்தனை முறை போனீர்கள், எப்படிப் போனது என்று கேட்கிறார். அலுவலகத்தில் 'ஐ ஹேவ் ஆன் அப்செட் ஸ்டமக்' போதும். அதற்குமேல் யாரும் கேட்க மாட்டார்கள், கேட்பது நாகரிகமும் ஆகாது. சாப்பிட்டது ஒத்துக்கொள்ளவில்லை என்றால் 'சம்திங் ஐ ஏட் டிட்ன்ட் அக்ரீ வித் மீ'. நம் வாக்கியம் அப்படியே பொருந்தும் அபூர்வமான இடம் இது, துணிந்து பயன்படுத்துங்கள்.

வாந்திக்கு வீட்டிலும் நண்பர்களிடமும் 'ஐ த்ரூ அப்', மருத்துவரிடம் 'ஐ வாமிட்டட்'. 'வாமிட்டிங் சென்சேஷன்' என்று நாம் சொல்வதற்கு 'ஐ ஃபீல் நாஷியஸ்'. 'சிக்' என்ற சொல் மட்டும் நாட்டுக்கு நாடு மாறும். பிரிட்டிஷ்காரர் 'ஐ வாஸ் சிக் லாஸ்ட் நைட்' என்றால் பெரும்பாலும் வாந்தி எடுத்தார். அமெரிக்கர் அதையே சொன்னால் உடம்பு சரியில்லாமல் இருந்தார், அவ்வளவுதான்.

நீங்கள் கேட்ட 'ஒன்றுக்கு நாலு சொல்' பிரச்சினைக்கு விடை இதிலேயே இருக்கிறது. அவை போட்டிச் சொற்கள் இல்லை, ஒவ்வொன்றும் ஒரு காதுக்கானது. சிறுநீருக்கு 'பீ' என்பது குடும்பத்திலும் நட்பிலும், இப்போதெல்லாம் மருத்துவர்களே நோயாளியிடம் அதைச் சொல்கிறார்கள். 'யூரினேட்' பரிசோதனை அறைக்கு. அலுவலகத்தில் இரண்டுமே வேண்டாம், எழுந்து போகும்போது 'எக்ஸ்க்யூஸ் மீ, ஐ வில் பி ரைட் பேக்' போதும். மாதவிலக்குக்கு 'பீரியட்' எல்லா இடத்துக்கும் பொருந்தும்: 'ஐ காட் மை பீரியட்', நாள் தள்ளிப்போனால் 'மை பீரியட் இஸ் லேட்'. 'டேட்ஸ்', 'சம்ஸ்' எல்லாம் நம் வட்டத்துக்கு வெளியே புரியாது.

சின்ன விஷயங்களை வேகமாகச் சொல்லிவிடுகிறேன். விக்கலுக்கு 'ஐ ஹேவ் தி ஹிக்கப்ஸ்'. ஏப்பத்துக்கு 'பர்ப்', வந்துவிட்டால் 'எக்ஸ்க்யூஸ் மீ'. தும்மினால் பக்கத்தில் இருப்பவர் 'ப்ளெஸ் யூ' என்பார், நீங்கள் 'தேங்க் யூ' சொன்னால் முடிந்தது. இமை துடித்தால் 'மை ஐலிட் இஸ் ட்விச்சிங்'. தூங்கி எழுந்ததும் கழுத்துப் பிடித்திருந்தால் 'ஐ ஹேவ் எ ஸ்டிஃப் நெக்'. அரிப்பெடுத்தால் 'இட் இட்சஸ்', சொறிவது 'ஸ்க்ராட்ச்', இரண்டும் வேறு. சளி பிடித்தால் 'ஐ ஹேவ் எ கோல்ட்'. 'ஐ ஆம் கோல்ட்' என்றால் குளிர்கிறது என்று பொருள், ஜன்னலைச் சாத்துவார்கள். இருமினால் வரும் சளி 'ஃப்ளெம்', அதில் 'ஜி' ஒலிக்காது.

விடுப்புக்கு நீங்கள் எழுத வேண்டியது இரண்டு வரி. 'ஐ ஆம் நாட் ஃபீலிங் வெல் டுடே அண்ட் வோன்ட் பி ஏபிள் டு வொர்க். ஐ வில் அப்டேட் யூ டுமாரோ மார்னிங்.' உடம்பு சரியில்லை என்பதை 'மை ஹெல்த் இஸ் நாட் குட்' என்று எழுதிவிடாதீர்கள். நீண்டநாள் நோயாளி என்ற எண்ணத்தை அது தரும். எந்த உறுப்பில் என்ன என்று விளக்க வேண்டியதில்லை. எத்தனை முறை கழிப்பறைக்குப் போனீர்கள் என்பதை மேலாளரும் அறிய விரும்ப மாட்டார். மருத்துவச் சான்று கேட்டால் அதைக் கொடுத்தால் போதும்.

உங்கள் மகனுக்கு முதலில் மூன்று வாக்கியம் சொல்லிக்கொடுங்கள். 'இட் ஹர்ட்ஸ் ஹியர்' என்று கைவைத்துக் காட்டுவது, 'ஐ திங்க் ஐ ஆம் கோயிங் டு த்ரோ அப்', 'ஐ நீட் டு கோ டு தி பாத்ரூம்'. பிரிட்டிஷ் வழக்குள்ள பள்ளி என்றால் கடைசியில் 'டாய்லெட்' என்று மாற்றிக்கொள்ளுங்கள். வயிற்றுக்கு அவன் வயதில் 'டம்மி' சரியான சொல். இவற்றை வீட்டில் சத்தமாகச் சொல்லிப் பழக விடுங்கள். வகுப்பில் அவசரம் வரும்போது யோசித்துச் சொல்ல நேரம் இருக்காது. இன்னொன்று உங்களுக்காக. பள்ளியிலிருந்து அழைத்து 'ஹீ ஹேட் எ லிட்டில் ஆக்சிடென்ட்' என்றால் பயந்துவிடாதீர்கள். சின்னப் பிள்ளைகள் விஷயத்தில் அது பெரும்பாலும் கால்சட்டையை நனைத்துக்கொண்டான் என்பதுதான். 'எ பாத்ரூம் ஆக்சிடென்ட்?' என்று கேட்டு உறுதிசெய்துகொண்டு, மாற்றுத்துணி எடுத்துக்கொண்டு போங்கள்.